மீன் தீவனத்தில் மூலிகை: குளத்துக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருப்பவர்களும் பண்ணைக்குட்டையில் திலேப்பியா வளர்ப்பவர்களும் பேச ஆரம்பித்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் பூண்டுக்கும் மஞ்சளுக்கும் வந்து நிற்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒரு அளவு சொல்கிறார், தீவனக்கடையில் வேறு அளவு. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

மூலிகைத் தீவனம்னா தனியா ஒரு தீவனமா? கடையில கேட்டா என்ன பேர் சொல்லிக் கேக்கணும்?

தனித் தீவனம் இல்லை. மீனுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கூட வேண்டும் என்று, நீங்கள் இப்போது போடும் தீவனத்தோடு சிறிதளவு சேர்க்கும் துணைப்பொருள்தான். பூண்டுப் பொடி, மஞ்சள் தூள், கீழாநெல்லி, சீந்தில், துளசி, இஞ்சி, கருஞ்சீரகம் என்று பட்டியல் நீளும். மீன் வளர்வதற்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் இவற்றிலிருந்து வராது. அடிப்படைத் தீவனம் மட்டமாக இருந்தால் மேலே எதைத் தூவினாலும் எடை ஏறாது.

உண்மையிலேயே வேலை செய்யுதா, இல்ல சும்மா வியாபாரமா?

வேலை செய்கிறது, ஆனால் குளத்துக்காரர் எதிர்பார்க்கும் விதத்தில் இல்லை. மீனுக்கும் நோய் எதிர்ப்பு ஏற்பாடு உண்டு. கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள், பாக்டீரியாவின் சுவரை அரிக்கும் லைசோசைம் என்ற நொதி, உடம்பைப் போர்த்திய வழவழப்பு எல்லாமே அதில் சேர்ந்தவை. பூண்டு, மஞ்சள் போன்றவை இவற்றில் சிலவற்றைக் கொஞ்சம் முடுக்கிவிடுகின்றன. ரோகுக் குஞ்சுகளுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 1, 5, 10 கிராம் என்ற அளவுகளில் பூண்டு கலந்து 60 நாள் கொடுத்து, பிறகு ஏரோமோனாஸ் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். பூண்டு தின்ற கூட்டத்தில் பிழைத்தவை அதிகம்.

நோய் வருவதற்கு முன்பே அவை பூண்டு தின்றிருந்தன என்பதைக் கவனியுங்கள். மூலிகையின் இடம் அதுதான்: நன்றாகத் தின்னும் மீனுக்கு முன்கூட்டியே கொடுப்பது.

ஆய்வு என்று யாராவது நீட்டினால் மருந்தை எப்படிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். மதுரையில் திலேப்பியாவை வைத்துச் சீந்தில் பற்றி நடந்த ஆய்வுகள் சிலவற்றில் இலைச்சாற்றை மீனின் வயிற்றுக்குள் ஊசியாகப் போட்டார்கள். எதிர்ப்புத் திறன் கூடியது உண்மை. அதே பலன் இலைப்பொடியைத் தீவனத்தில் தூவினாலும் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. விளம்பரத் தாள்கள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும்.

இத்தனை மூலிகை சொல்றீங்க, நான் எதுல ஆரம்பிக்கட்டும்?

பூண்டில். அதிகம் ஆராயப்பட்டது, எந்த ஊரிலும் கிடைப்பது, கலப்படம் செய்தால் கண்ணுக்குத் தெரிவது. அடுத்து மஞ்சள். மஞ்சளைத் தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கி மாவு மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள் தூள் சந்தையில் பிடிபட்டிருக்கிறது. ஈயம் மீனுக்கும் ஆகாது, அந்த மீனைத் தின்பவருக்கும் ஆகாது.

ஐந்தாறு மூலிகையை ஒன்றாகக் கலந்து போடுவதை நான் ஆதரிப்பதில்லை. பலன் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது, கெடுதல் வந்தாலும் தெரியாது.

எவ்வளவு போடணும்? ஏக்கருக்கு இவ்வளவுன்னு ஒரு கணக்கு சொல்லுங்க.

ஏக்கர் கணக்கு இதற்குப் பொருந்தாது. மூலிகை போவது தீவனத்தின் வழியாக, தீவனம் போவது மீனின் எடைக்கு ஏற்றபடி. அதனால் முதலில் வீச்சு வலை போட்டுக் கொஞ்சம் மீனைப் பிடித்து நிறுத்துப் பாருங்கள். குளத்தில் 1,000 மீன், சராசரி 300 கிராம் என்றால் மொத்தம் 300 கிலோ. நாளுக்கு உடல் எடையில் 2 சதவீதம் தீவனம் என்றால் 6 கிலோ. ஒரு கிலோ தீவனத்துக்கு 5 கிராம் பூண்டுப் பொடி வீதம் 30 கிராம். அவ்வளவுதான்!

பச்சைப் பூண்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். எனவே பொடிக்கு மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டு 90 கிராம் போடலாம். மஞ்சளுக்குக் கிலோவுக்கு 2 முதல் 5 கிராம் போதும். விரலிகளுக்கு (விரல் நீளக் குஞ்சுகளுக்கு) கீழ் எல்லையில் ஆரம்பியுங்கள்.

தீவனத்துல தூவினா தண்ணில பட்டதும் கரைஞ்சு போயிடாதா?

போய்விடும். மூலிகை போட்டும் பயனில்லை என்று சொல்பவர்களில் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பொடியைக் குருணையோடு (கடையில் விற்கும் உருட்டிய தீவனத்தோடு) ஒட்டவைக்க ஏதாவது வேண்டும். ஒரு கிலோ குருணைக்கு 20 முதல் 30 மில்லி எண்ணெய் போதும். மீன் எண்ணெய் கிடைத்தால் அதுவே சிறந்தது, வாசனைக்கு மீன் ஓடி வரும். கெட்டியான அரிசிக் கஞ்சி, மரவள்ளி மாவுக் கூழ், முட்டை வெள்ளைக்கரு இவற்றாலும் ஒட்டலாம். கலந்த பிறகு நிழலில் அரை மணி, ஒரு மணி உலர்த்திவிட்டுப் போடுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம்.

பூண்டுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. அதன் வீரியப் பொருளான அல்லிசின் முழுப் பல்லில் இருப்பதில்லை. நசுக்கும்போது ஒரு நொதி வேலைசெய்து அப்போதுதான் உருவாகிறது. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். ஆகவே நசுக்கிப் பத்து நிமிடம் விட்டு, ஆறின கஞ்சியில் கலக்குங்கள். கொதிக்கிற கஞ்சியில் போட்டால் வாசனை மிஞ்சும், பலன் மிஞ்சாது. மஞ்சள் வேறு மாதிரி. அதன் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதற்கு எண்ணெய்ப் பூச்சுதான் ஏற்றது. ஒவ்வொரு நாளும் வேண்டியதை அன்றன்று கலப்பதே நல்லது.

நாங்க குருணை போடுறதில்ல, தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான். அதுல எப்படி?

இன்னும் சுலபம். புண்ணாக்கை இரவு ஊறவைத்து, தவிட்டோடு பிசைந்து உருண்டை பிடிக்கும்போது மூலிகையையும் சேர்த்துப் பிசைந்துவிடுங்கள். ஓட்டை போட்ட பையில் கட்டித் தொங்கவிடுபவர்கள் சற்று இறுக்கமாகப் பிசைய வேண்டும்.

இங்கே மூலிகையைவிடப் பெரிய விஷயம் புண்ணாக்கின் தரம். ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கும். மீனின் ஈரலைக் கெடுத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். கொதிக்கவைத்தாலும் அந்த நச்சு போகாது. பூசணம் பிடித்த புண்ணாக்கில் மஞ்சளைச் சேர்த்துச் சரிக்கட்டப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது, அந்த மூட்டையை உரக்குழியில் கொட்டுங்கள். மூலிகைப் பொடியும் ஈரம் பட்டால் இதே கதிதான்.

எதுக்கு இவ்வளவு வேலை, அரைச்சு நேரா குளத்துல ஊத்திட்டா?

ஒரு ஏக்கர் குளத்தில் நாலடி தண்ணீர் என்றால் சுமார் 50 லட்சம் லிட்டர். அதில் ஒரு கிலோ பூண்டைக் கரைத்தால் எதுவும் நடக்காது. பலன் தெரியும் அளவுக்கு இலையும் சாறும் கொட்டினால் அவை அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

எப்ப ஆரம்பிக்கணும், எத்தனை நாள் கொடுக்கணும்? வருஷம் பூரா கொடுத்தா நல்லதுதானே?

வருடம் முழுதும் வேண்டாம். எதிர்ப்புச் சக்தியை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் அது மசியாது, சில வேளைகளில் இறங்கியும் போகும். மூன்று நான்கு வாரம் கொடுத்து, இரண்டு மூன்று வாரம் நிறுத்தி, தேவைப்பட்டால் மறுபடி கொடுப்பது ஒழுங்கான முறை.

நேரம் பார்த்துக் கொடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் பக்கம் மழை ஓய்ந்து தண்ணீர் குளிரும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் புண் நோய் தலைகாட்டும். 1988இல் இந்தியாவுக்குள் வந்த அந்தச் சிவப்புப் புண் நோய்க்கு மூலம் தண்ணீரில் வாழும் ஒருவகைப் பூசணம். தண்ணீர் குளிரக் குளிர அது தெம்பாகும், மீன் தளரும். எனவே புரட்டாசி கடைசியில் ஆரம்பித்துவிட வேண்டும். கூடவே குளத்துக்குச் சுண்ணாம்பு இடுவதையும் விட்டுவிடக் கூடாது. இந்த நோயைப் பொறுத்தவரை பூண்டைவிடச் சுண்ணாம்புக்கே நான் முதலிடம் தருவேன். இழுவலை போட்டு மீனை வேறு குளத்துக்கு மாற்றப்போகிறீர்கள் என்றால் இரண்டு வாரம் முன்பே தொடங்குவதும் பயன் தரும்.

மீன் செத்து மிதக்குது. உடனே பூண்டு போட்டா நிக்குமா?

நிற்காது. நோய் முற்றிய மீன் தீவனம் தின்னாது. தீவனத்தில் என்ன கலந்தாலும் அதைத் தின்பது தெம்பாக இருக்கும் மீன்தான். இது மூலிகைக்கு மட்டுமல்ல, தீவனத்தில் கலக்கும் எந்த மருந்துக்கும் பொருந்தும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது நோயே இல்லாமல் இருக்கலாம், ஆக்சிஜன் பற்றாக்குறை. இரவெல்லாம் பாசியும் மீனும் மூச்சுவிட்டு ஆக்சிஜன் தீர்ந்து, சூரியன் உதிக்கும் முன் அது மிகக் குறைவாக இருக்கும். மூடாப்பு போட்ட நாட்களில் இன்னும் மோசம். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி, 3க்குக் கீழே போனால் மீன் திணறும். உடனே தீவனத்தை நிறுத்துங்கள், மோட்டார் போட்டுத் தண்ணீரைச் சிதறடியுங்கள், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இருந்தால் ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் தீவனத்தோடு பூண்டைக் கொட்டினால் தின்னாத தீவனம் அழுகி நிலைமை மோசமாகும்.

தண்ணீர் சரியாக இருந்தும் சாகிறது, உடம்பில் புண், வயிறு வீக்கம், செவுள் வெளிறல் என்றால் சோதனைதான் வழி. மீன்வளத் துறை அலுவலகம், வேளாண் அறிவியல் நிலையம், நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகம், சென்னை மாதவரத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மீன் நோய் ஆய்வகம் ஆகியவற்றில் கேட்கலாம். செத்து நாறிப்போன மீனைக் கொண்டுபோகாதீர்கள். தள்ளாடிக்கொண்டு இன்னும் உயிரோடிருக்கும் மீன்தான் அவர்களுக்கு வேண்டும்.

இயற்கையான பொருள்தானே, கொஞ்சம் கூடப் போனா என்ன ஆயிடும்?

இலுப்பைப் புண்ணாக்கு இயற்கையான பொருள்தான். குஞ்சு விடும் முன் குளத்தில் உள்ள களை மீன்களை அழிக்க நாம் போடுவது அதைத்தானே! ஒரு மீட்டர் ஆழத்தில் எக்டருக்கு 2,500 கிலோ. அதிலுள்ள சப்போனின் மீனின் சிவப்பணுக்களை உடைத்துக் கொன்றுவிடும். அதன் நஞ்சு இறங்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை குஞ்சு விட முடியாது. கடும் பேதி உண்டாக்கும் நேர்வாளம் தெரியாத கிராமம் உண்டா? அதுவும் செடியில் விளைந்ததுதான்.

அவ்வளவு கடுமையாக இல்லாவிட்டாலும் பல இலைகளில் சப்போனினும் டானினும் சிறிதளவு உண்டு. அளவு மீறினால் தீவனத்திலுள்ள புரதம் செரிக்காமல் போகும், கசப்பினால் மீன் தின்பதும் குறையும். முருங்கை இலையைப் புரதத்துக்காகச் சேர்க்கும்போது திலேப்பியாத் தீவனத்தின் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு வரை தாங்குகிறது, அதற்கு மேல் வளர்ச்சி குறைகிறது என்று பார்த்திருக்கிறார்கள். மேலே சொன்ன 5 கிராமை 50 கிராம் ஆக்கினால் பத்து மடங்கு பலன் கிடைக்காது.

வேப்பிலை எல்லாத்துக்கும் நல்லதாச்சே, அத ஏன் சொல்லவே இல்ல?

வேண்டுமென்றேதான். வேம்பு கிருமியைத் தாக்கும், ஆனால் மீனுக்கும் வேம்புக்கும் இடையே பாதுகாப்பான இடைவெளி குறைவு. வேப்ப எண்ணெயும் இலைச்சாறும் அளவு தப்பினால் செவுளைப் பாதிக்கும், நுண்குஞ்சுகள் முதலில் போகும். அது மட்டுமில்லாமல், திலேப்பியா அளவுக்கு மீறிக் குஞ்சு பொரிப்பதைத் தடுக்க வேப்பிலையையும் பப்பாளி விதையையும் தீவனத்தில் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். தாய்மீன் வைத்திருப்பவர் இந்த இரண்டின் பக்கமே போக வேண்டாம்.

மாட்டு மடிநோய்க்குக் கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைச்சுப் பூசுறோமே, அதையே மீனுக்குக் குடுத்தா?

அது மடியின் மேல் பூசும் களிம்பு, தின்னக் கொடுப்பதல்ல. சோற்றுக்கற்றாழைத் தோலை ஒட்டி வரும் மஞ்சள் பால் பேதி உண்டாக்கும். சுண்ணாம்பு தீவனத்தில் போனால் குடல் புண்ணாகும். சுண்ணாம்பை அளவு பார்த்துக் குளத்துக்குப் போடுங்கள்.

உடம்புல பேன் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு. இதுக்கு என்ன மூலிகை?

வட்டமாக, தட்டையாக, ஊர்ந்து போகிறதா? ஆர்குலஸ் என்ற மீன் பேன். தீவனத்தில் கலக்கும் எந்த மூலிகையையும் இதற்கு நம்ப வேண்டாம். இதற்குக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. இந்தப் பேன் மீன்மேல் முட்டையிடாது, கல், கட்டை போன்ற கடினமான பொருளின்மேல்தான் இடும். மூங்கில் கழிகளையும் பலகைகளையும் குளத்தில் ஆங்காங்கே ஊன்றி, சில நாளுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி ஊன்றுங்கள். முட்டை காய்ந்து சாகும், பெருக்கம் குறையும். மீன் நெருக்கத்தையும் குறைக்க வேண்டும். முற்றிப்போயிருந்தால் மீன்வளத் துறையினரைக் கேட்டு மருந்து போடுங்கள்.

அப்ப ஆன்டிபயாடிக்கை அடியோட விட்டுடலாமா?

நோய் இல்லாதபோது முன்னெச்சரிக்கையாகவும், வளர்ச்சிக்காகவும் போட்டுக்கொண்டிருந்தால் இன்றே விடுங்கள். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுதாகத் தடைசெய்தது. மூலிகைகள் மீது உலகம் முழுக்கக் கவனம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகைகள் நம் நாட்டிலும் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை.

பாக்டீரியா நோய் என்று சோதனையில் உறுதியாகி, நிபுணர் ஒரு மருந்தை எழுதிக்கொடுத்தால் அது வேறு. அப்போது மூலிகையை நம்பி மருந்தை மறுக்கவும் வேண்டாம், தானாக மருந்து வாங்கிக் கொட்டவும் வேண்டாம். சொன்ன நாள் வரை கொடுத்து, சொன்ன இடைவெளி கழித்து மீனைப் பிடியுங்கள்.

புரோபயாட்டிக்கும் போடுறேன், பூண்டும் போடுறேன். ஒண்ணு இன்னொண்ணைக் கொல்லாதா?

நல்ல கேள்வி. புரோபயாட்டிக் என்பது உயிரோடு கொடுக்கும் நல்ல பாக்டீரியா. பூண்டு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று சாதி பார்க்காது. ஒரே உருண்டையில் இரண்டையும் பிசைந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிரில் ஒரு பகுதியை நீங்களே கொல்கிறீர்கள். காலைத் தீவனத்தில் ஒன்று, மாலைத் தீவனத்தில் மற்றொன்று என்று பிரிக்கலாம். இன்னும் நல்லது, பூண்டு கொடுக்காத இடைவெளி வாரங்களில் புரோபயாட்டிக் கொடுப்பது.

கடையில ஹெர்பல்னு போட்ட பாட்டில் விக்குது. வாங்கலாமா?

லேபிளைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்னென்ன செடி, எவ்வளவு அளவு, எந்த மீனுக்கு, கிலோ தீவனத்துக்கு எத்தனை மில்லி, தயாரித்த நாள், காலாவதி நாள், தயாரித்தவர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். ‘பதினெட்டு அரிய மூலிகைகளின் சாறு’ என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஆன்டிபயாடிக் கலக்கவில்லை என்ற சான்றிதழைக் கேளுங்கள். கடலோர இறால் பண்ணையாளர்களுக்கு இது பழக்கம், ஒரு சரக்கில் தடைசெய்த மருந்தின் தடயம் தெரிந்தால் ஏற்றுமதியே திரும்பி வந்துவிடும் என்பதால் கேட்காமல் வாங்கமாட்டார்கள். ஊட்டிய இரண்டாம் நாளே நோய் நின்றுவிட்டது என்று விற்பவர் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் கூடும். மூலிகை அவ்வளவு வேகமாக வேலைசெய்வதில்லை.

மீன்ல பூண்டு வாசனை அடிச்சா வியாபாரி திருப்பிட மாட்டானா?

இந்த அளவுகளில் அந்தக் கவலை வேண்டாம். ஆனாலும் பிடிப்பதற்கு ஒரு வாரம் முன் நிறுத்திவிடுங்கள். வியாபாரி மூக்கைச் சுளிப்பது பெரும்பாலும் மண் வாடைக்கு. அது தண்ணீரில் உள்ள நீலப்பச்சைப் பாசியும் வேறு சில நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. அதற்குப் பூண்டு காரணமும் இல்லை, மருந்தும் இல்லை. சுத்தமான தண்ணீரில் சில நாள் விட்டுப் பிடித்தால் குறையும்.

பூண்டு விக்கிற விலைக்கு இதெல்லாம் கட்டுமா?

முன்பு போட்ட கணக்கையே எடுங்கள். நாளுக்கு 90 கிராம் பச்சைப் பூண்டு, நான்கு வாரத்துக்கு இரண்டரைக் கிலோ. அன்றைய விலையைப் போட்டுப் பெருக்கி, 300 கிலோ மீனின் மதிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டெல்லாம் வேண்டாம், மண்டியில் கழித்துப்போடும் பொடிப் பூண்டு போதும். பூசணம் மட்டும் இருக்கக் கூடாது. ஆனால் குளத்தில் ஏரேட்டர் இல்லை, கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், காசை ஏரேட்டரில் போடுங்கள்.

போட்டேன், மீன் நல்லாத்தான் இருக்கு. ஆனா போடலேன்னாலும் நல்லாத்தான் இருந்திருக்குமோ?

இருந்திருக்கலாம். ஒரு குளத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. போன வருடத்தோடு ஒப்பிட்டாலும் சரிவராது, மழையும் குஞ்சும் வேறு. பக்கத்துக் குளத்தோடு ஒப்பிட்டால் மண்ணும் தண்ணீரும் வேறு.

ஒரே குளத்தில் நான்கு ஹாப்பா வலைகளை (தண்ணீருக்குள் கட்டும் பெட்டி போன்ற வலைக்கூடுகளை) கட்டுங்கள். ஒரே நாளில் வந்த, ஒரே அளவு விரலிகளை எண்ணி ஒவ்வொன்றிலும் சமமாக விடுங்கள். இரண்டுக்கு மூலிகைத் தீவனம், இரண்டுக்கு வெறும் தீவனம். வெறும் தீவனத்துக்கும் அதே அளவு எண்ணெய் பூச வேண்டும், இல்லையென்றால் பலன் எண்ணெயால் வந்ததா பூண்டால் வந்ததா என்று தெரியாது. எட்டு வாரம் கழித்து எத்தனை பிழைத்தன, எவ்வளவு எடை, எவ்வளவு தீவனம் செலவானது என்று எழுதுங்கள். மூலிகை போட்ட இரண்டு ஹாப்பாக்களுக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருந்தால், மற்ற இரண்டோடு தெரியும் சிறு வேறுபாட்டை நம்பாதீர்கள். நோயே வராத பருவத்தில் நாலும் ஒரே மாதிரி இருந்தாலும் பூண்டு வீண் என்று முடிவு கட்ட வேண்டாம். அதே சோதனையை ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீட்டிப் பாருங்கள்.